ஆலய வண்டியின் பிரேக் கணக்கு: ஒரு விளக்கமும் ஒரு மன்னிப்பும்



ஜனவரி மாதக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டியதிலிருந்து ஒரே ஒரு வரியைப் பற்றித்தான் கேள்வி வருகிறது. "வண்டி பிரேக் வேலை, 436 வெள்ளி." பூவுக்கும் பாலுக்கும் ஆனதை யாரும் கேட்கவில்லை. இதை மட்டும் நாலு பேர் கேட்டுவிட்டார்கள். கேட்டது தப்பே இல்லை, உங்கள் காசு. தைப்பூச வேலையில் உடனே பதில் எழுத முடியவில்லை. இப்போது உட்கார்ந்து முழுக்க எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் கடைசிவரை படியுங்கள்.

நம் ஆலயத்து ஃபோர்வீல் வண்டியை எல்லாருக்கும் தெரியும். 1996-ஆம் வருட ஜப்பான் வண்டி, டீசல். ஓர் அன்பர் உபயமாகக் கொடுத்தது. அரிசி மூட்டை, தண்ணீர் டிரம், பந்தல் கம்பி, தோட்டத்துக் கோயில் திருவிழாவுக்குப் போகும் நாற்காலி எல்லாமே அதில்தான். தேவார வகுப்புப் பிள்ளைகளும் சில நேரம் அதில்தான்.

ஜனவரி 8, ஞாயிற்றுக்கிழமை மாலை. பூஜை முடிந்து அன்னதானக் கூடத்தில் சாப்பாடு ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தொண்டர்களில் சின்னவன் ஒருவன் மொத்தக் கடையிலிருந்து பத்து மூட்டை அரிசியோடு வந்தான். வாசலில் நுழைந்து, ஸ்டோர் பக்கம் வலதுபுறமாக வளைத்துக்கொண்டே பிரேக் போட்டான். நடக்கிற வேகத்தைவிடக் கொஞ்சம்தான் கூடுதல். வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. கர்ரென்று ஒரு சத்தம், இன்னும் ஒரு கை நீளம் போய், அடுக்கி வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியை இடித்துவிட்டு நின்றது. நாற்காலி சரிந்ததோடு சரி. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் அதற்குப் பத்து நிமிஷம் முன்னால் அந்த நாற்காலிக்கு முன்பக்கம் மூன்று பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து ஐஸ் மலாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்தவர்கள் நாங்கள்தான். அந்த நினைப்பிலே எங்களுக்குக் கை நடுங்கியது. நடுக்கம் கோபமாக மாறியது. எல்லார் முன்னாலும் அந்தத் தம்பியைத் திட்டினோம். "போனைப் பார்த்துக்கிட்டு வந்தியா?" என்றோம். "பிரேக்குக்குப் பதிலா எண்ணெய மிதிச்சிட்ட" என்றோம். அவன் ஒன்றுதான் சொன்னான்: "இல்லண்ணே, பெடல் என் கால உதைச்சுச்சு. நான் மிதிச்சுக்கிட்டேதான் இருந்தேன், அது உதைச்சுச்சு."

யாரும் கேட்கவில்லை. சாவியை வாங்கிவிட்டோம்.

மறுநாள் எங்களில் ஒருவர் வண்டியை ஓட்டிப் பார்த்தார். பெரிய ரோட்டில் 80-இல் போய் பிரேக் போட்டார், நன்றாக நின்றது. டேஷ்போர்டில் ஏபிஎஸ் லைட்டும் ஒழுங்காக இருந்தது. சாவியைத் திருப்பினதும் எரிந்து சில வினாடியில் அணைந்தது. "லைட்டே ஏறல, அப்புறம் என்ன கோளாறு? பையன் சும்மா சொல்றான்" என்று முடிவு கட்டிவிட்டோம். இங்கேதான் எங்கள் முதல் தப்பு.

புதன்கிழமை அதே ஆளுக்கு ஆலய வாசலிலேயே அது நடந்தது. 15 கிலோமீட்டர் வேகம் இருக்கும். பெடல் காலுக்கடியில் தடதடவென்று உதைத்தது, வண்டி வழுக்கிக்கொண்டு போன மாதிரி போய் நின்றது. காய்ந்த தார் ரோடு, மழையில்லை, மணலில்லை. இறங்கி வந்தவர் முகம் வெளுத்திருந்தது. அதன் பிறகுதான் தம்பி சொன்னது எங்கள் காதில் ஏறியது.

பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் காட்டினோம். ஸ்கேனரைப் பொருத்திப் பார்த்தார்கள், அது வண்டியோடு பேசவே இல்லை. இவ்வளவு பழைய வண்டிக்கு இப்போதைய சின்ன ஸ்கேனர் ஒத்துவராது. ஒத்துவந்தாலும் மலிவான ஸ்கேனர்கள் இஞ்சின் கோளாறை மட்டும்தான் படிக்கும். கடைசியில் "ஏபிஎஸ் பம்ப் போயிருக்கும், பழசு போட்டாலே 1,800 ஆகும்" என்றார்கள். தைப்பூசத்துக்கு நாலு வாரம்கூட இல்லை. நிர்வாகக் கூட்டத்தில் சொன்னோம். பொருளாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஒருத்தர், "அந்த ஃபியூஸைப் புடுங்கிப் போட்டுட்டா முடிஞ்சது. நம்ம அப்பா காலத்துல ஏபிஎஸ்ஸா இருந்துச்சு?" என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். உண்மையைச் சொன்னால் நாங்களும் ஆட்டினோம்.

வெள்ளிக்கிழமை பூஜைக்கு வருகிற ஓர் அங்கிள் இருக்கிறார். ஓய்வுபெற்ற ஃபோர்மேன், பல வருஷம் தோட்டத்து லோரியும் ஃபோர்வீலும் பார்த்தவர். பெயர் போடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அவரிடம் ஃபியூஸ் விஷயத்தைச் சொன்னோம். "புடுங்கலாம். ஆனா குணப்படுத்த இல்ல. கண்டுபிடிக்க" என்றார்.

அவர் சொல்லிக் கொடுத்ததை எங்களுக்குப் புரிந்த அளவில் எழுதுகிறோம். ஒவ்வொரு சக்கரத்தின் ஹப்பிலும் ஒரு பல் வளையம் சுற்றுகிறது. அதன் எதிரே ஒரு மில்லிமீட்டரும் இல்லாத இடைவெளியில் ஒரு சென்சார். உள்ளே காந்தமும் செம்புச் சுருளும், அவ்வளவுதான். பல் ஒவ்வொன்றும் தாண்டும்போது சுருளில் ஒரு சின்ன மின் அலை பிறக்கும். கம்ப்யூட்டர் அந்த அலைகளை எண்ணிச் சக்கரத்தின் வேகத்தைத் தெரிந்துகொள்ளும். பிரேக் பிடிக்கும்போது ஒரு சக்கரம் மட்டும் திடீரென்று நின்றால், வழுக்குகிறது என்று நினைத்து அந்தச் சக்கரத்தின் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கும். பெடல் உதைப்பது அதனால்தான். வழுக்கும் ரோட்டில் அது உயிரைக் காப்பாற்றுகிற வேலை, ஸ்டீயரிங் திருப்பின பக்கம் வண்டி போகும்.

சிக்கல் என்னவென்றால், இந்தப் பழைய வகை சென்சாரில் வேகம் குறையக் குறைய மின் அலையும் குறையும். வேகத்தில் போகும்போது கொஞ்சம் இடைவெளி கூடினாலும் கம்ப்யூட்டருக்குக் கேட்கும். 10, 15 கிலோமீட்டர் வேகத்தில் குரல் ஏற்கெனவே சன்னம், இடைவெளியும் கூடினால் ஒன்றும் கேட்காது. "ஐயோ சக்கரம் நின்னுடுச்சு" என்று நினைத்துப் பிரேக்கை விட்டுவிடும். நாம் மிதிக்கிறோம், அது விடுகிறது. இதைக் கம்ப்யூட்டர் கோளாறு என்றே நினைக்காது, தன் கடமையைச் செய்ததாகத்தான் நினைக்கும். அதனால்தான் பல நேரம் லைட் எரியாது, கோடும் பதியாது. 80-இல் ஒழுங்காக நின்ற வண்டி வாசலில் நிற்காமல் போனதன் ரகசியம் இதுதான். நாங்கள் சோதித்துப் பார்த்தது சரியாகக் கோளாறு வராத வேகத்தில்.

அந்த ஞாயிறு ஆலயத் திடலை மூடி, பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிட்டுச் சோதனை செய்தோம். தரையில் கோலமாவால் ஒரு கோடு. மெதுவாக வலதுபுறம் வளைத்து வந்து அந்தக் கோட்டில் பிரேக் போட வேண்டும். பத்து முறை வந்தோம், ஆறு முறை பெடல் உதைத்தது. பிறகு அங்கிள் ஏபிஎஸ் ஃபியூஸைக் கழற்றச் சொன்னார். லைட் எரிந்தது, அது எரிய வேண்டியதுதான். மறுபடியும் பத்து முறை. ஒரு முறைகூட உதைக்கவில்லை, ஒரே இடத்தில் நின்றது. "இப்ப தெரியுதா? டிஸ்க் கோணல் இல்ல, மாஸ்டர் பம்ப் இல்ல. ஏபிஎஸ் தப்பான சேதி கேட்டு வேலை செய்யுது. சேதி எந்தச் சக்கரத்துலேர்ந்து வருதுன்னு பாக்கணும்" என்றார். ஃபியூஸைத் திரும்ப மாட்டி, வேலை முடியும்வரை வண்டியை ஓட்டக்கூடாது என்று சாவியைப் பொருளாளரிடமே கொடுத்துவிட்டார்.

நடுவில் எங்கள் அவசரப்புத்தி ஒன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். முன் இடது சக்கரமாகத்தான் இருக்கும் என்று நாங்களே ஊகித்து, ஹாஃப்கட் கடையில் பழைய சென்சார் ஒன்றை 80 வெள்ளிக்கு வாங்கி மாட்டினோம். திடலில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தோம், உதைப்பு அப்படியே இருந்தது. அந்த 80 வெள்ளி ஆலயக் கணக்கில் இல்லை, எங்கள் பாக்கெட். அங்கிள் திட்டவில்லை, சிரித்தார். சிரித்தது திட்டினதைவிட மோசம்.

அவர் முறையே வேறு. முதலில் டேஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் இரண்டு முனையை ஒரு துண்டு ஒயரால் இணைத்தார். அந்தக் காலத்து வண்டிகளில் ஏபிஎஸ் லைட்டே கண்சிமிட்டிக் கோளாறு எண்ணைச் சொல்லுமாம். எந்த முனை என்பது வண்டிக்கு வண்டி மாறும், புத்தகம் பார்க்காமல் கண்ட முனையை இணைத்தால் கம்ப்யூட்டரே போய்விடும், யாரும் முயற்சி செய்யாதீர்கள். எங்கள் வண்டி ஒரு கோளாறும் சொல்லவில்லை. அவர் எதிர்பார்த்ததுதான்.

அடுத்து மல்டிமீட்டர். நாலு சென்சாரிலும் மின்தடை பார்த்தார், நாலும் 1 கிலோ ஓமை ஒட்டியே இருந்தது. ஸ்டீயரிங்கை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பி, ஒயரை ஆட்டியும் பார்த்தார். முன் சக்கரத்து ஒயர் ஸ்டீயரிங்கோடு சேர்ந்து மடங்கி மடங்கி, மேல் தோல் நன்றாக இருக்கும்போதே உள்ளே அறுந்துபோவது உண்டாம். நேராக இருக்கும்போது சரியாகக் காட்டும், திருப்பினால் போய்விடும். எங்களுடையதில் அதுவும் இல்லை. நாலு டயரும் ஒரே அளவா, ஒரே தேய்மானமா என்றும் பார்த்தார். அளவு மாறினால் சக்கரங்களின் வேகம் மாறித் தெரியும். அதுவும் சரி.

பிறகு ஜாக் போட்டு ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கி, மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, சக்கரத்தைக் கையால் வினாடிக்கு ஒரு சுற்று சுற்றச் சொன்னார். மூன்று சக்கரம் 150-இலிருந்து 180 மில்லிவோல்ட், கிட்டத்தட்ட ஆடாமல். முன் இடது மட்டும் 40-க்கு இறங்கி, 160-க்கு ஏறி, மறுபடி இறங்கியது. புது சென்சார் மாட்டின பிறகும் இப்படி! ஊகம் சக்கரத்தில் சரி, சாமானில் தப்பு.

"சென்சார் நிக்குது. வளையம்தான் ஆடுது" என்றார். தூக்கி நிறுத்திய சக்கரத்தின் மேல் ஒரு கை, கீழே ஒரு கை வைத்து ஆட்டச் சொன்னார். டொக், டொக் என்று கையிலேயே தெரிந்தது. பால் ஜாயின்ட்டாக இருக்கலாமே என்று கேட்டோம். உள்ளே ஒருத்தரை ஏறி பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். மறுபடி ஆட்டினோம், ஆட்டமே இல்லை. பிரேக் பிடித்தால் டிஸ்க்கும் ஹப்பும் பின்னால் இருக்கும் நக்கிளோடு ஒன்றாகிவிடும். அப்போது ஆட்டம் நின்றால் குற்றவாளி பேரிங். பால் ஜாயின்ட் என்றால் பிரேக் பிடித்தாலும் ஆடும். இதற்கு மீட்டரும் வேண்டாம், காசும் வேண்டாம். வீட்டில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஜாக்கை நம்பிக் கீழே போகாதீர்கள், ஸ்டாண்ட் கொடுங்கள்.

ஹப்பைக் கழற்றினோம். உள்ளே கிரீஸ் கிரீஸாக இல்லை. பால் கூடிப்போன காப்பி மாதிரி இருந்தது. அதைப் பார்த்ததும் எங்களில் யாரும் பேசவில்லை. அது எந்தத் தண்ணீர் என்று எல்லாருக்கும் தெரியும்.

2021 டிசம்பர் 18. ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கிய வெள்ளம். தண்ணீர் கொஞ்சம் வடியத் தொடங்கினதும் நம் ஆலயச் சமையலறையில் கட்டின சாப்பாட்டுப் பொட்டலத்தை இந்த வண்டிதான் கொண்டுபோனது. சக்கரம் முங்க முங்க எத்தனை தடவை போய் வந்தோம் என்று கணக்கில்லை. ஓடி வந்த சூட்டில் இருக்கும் ஹப் குளிர்ந்த தண்ணீரில் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். வெள்ளம் முடிந்ததும் இஞ்சின் எண்ணெய், கியர், டிஃபரன்ஷியல் எண்ணெய் எல்லாம் மாற்றினோம். முன் ஹப்பைத் திறந்து கிரீஸ் மாற்ற வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் "அடுத்த மாசம் பாக்கலாம்" என்றோம். பதின்மூன்று மாசம் ஆகிவிட்டது. பேரிங் உருளைகளில் துருப் புள்ளி. ஊளைச் சத்தம் வந்திருக்கும், பெரிய பட்டன் டயர் போடும் சத்தத்தில் அது எங்களுக்குக் கேட்கவில்லை.

பேரிங் தேய்ந்து ஹப் ஆட, ஹப்போடு பல் வளையமும் ஆட, இடைவெளி கூடிக் குறைந்தது. வலதுபுறம் வளைக்கும்போது பாரமெல்லாம் இடது சக்கரத்தில் சாயும், ஆட்டம் அப்போதுதான் அதிகம். அந்தத் தம்பி வளைத்துக்கொண்டே பிரேக் போட்டான் என்று மேலே எழுதினோமே, அதுதான். ஏபிஎஸ்ஸில் ஒரு கோளாறும் இல்லை. பேரிங் சாகப் போகிறதென்று முதலில் சொன்னதே ஏபிஎஸ்தான். கூட்டத்தில் சொன்னபடி ஃபியூஸைப் பிடுங்கியிருந்தால் வாசலில் வண்டி அழகாக நின்றிருக்கும். பேரிங் மட்டும் இன்னும் தேய்ந்துகொண்டே இருந்திருக்கும், தண்ணீர் டிரம்மோடு நெடுஞ்சாலையில் போகும்போதும். 1,800 கொடுத்துப் பம்ப் மாற்றியிருந்தாலும் கதை இதேதான்.

இப்போது கணக்கு. முன் இரண்டு சக்கரத்துக்கும் உள், வெளி பேரிங் செட் 320. ஆயில் சீல் 36. கிரீஸ் 40. பிரேக் கிளீனர் 24. லாக் வாஷர் 16. கூட்டினால் 436. ரசீது எல்லாம் ஆபீஸ் ஃபைலில் இருக்கிறது. கூலி கிடையாது, அங்கிள் வாங்க மறுத்துவிட்டார். வலது பக்கம் நன்றாக இருந்ததே, ஏன் மாற்றினீர்கள் என்று கேட்பீர்கள். அங்கேயும் கிரீஸ் வெளுக்க ஆரம்பித்திருந்தது. அதே தண்ணீரில்தானே அதுவும் இறங்கியது.

இந்த வகைப் பேரிங்கை இறுக்கமாக முடுக்கினால் சூடேறும், தளர்த்தினால் ஆடும். அளவு பார்க்க ஸ்பிரிங் தராசு வேண்டும் என்றார் அங்கிள். சமையலறையில் காய்கறி நிறுக்கும் கொக்கித் தராசைக் கொண்டுபோனோம். அதைச் சக்கர போல்ட்டில் மாட்டி மெதுவாக இழுத்து, ஹப் நகரத் தொடங்கும்போது முள் எங்கே நிற்கிறது என்று புத்தகத்தோடு ஒப்பிட்டு, மூன்று முறை நட்டை மாற்றி மாற்றி முடுக்கினார். தராசில் கிரீஸ் ஒட்டியதற்குச் சமையல் அம்மாவிடம் நாங்கள் வாங்கியது தனிக் கதை.

திரும்ப மீட்டர், நாலு சக்கரமும் ஒரே மாதிரி. திரும்பத் திடல், திரும்பக் கோலமாவுக் கோடு. இருபது முறை வந்தோம், ஒரு உதைப்பும் இல்லை. பிப்ரவரி 5, தைப்பூசத்துக்கு முந்தின நாளே பந்தல் சாமான், தண்ணீர் டிரம் எல்லாம் அதில்தான் போனது. பத்துமலைப் பக்கம் ஜனம் நெருக்கும்போது வண்டி போகிற வேகம் தெரியும்தானே, அதே 10, 15. பிரேக் போடுகிற ஒவ்வொரு தடவையும் எங்கள் காதும் காலும் பெடலிலேயே இருந்தன. ஒழுங்காக நின்றது.

மிச்சம் இருப்பது தம்பி விஷயம். எல்லார் முன்னாலும் திட்டினோம், அதனால் எல்லார் முன்னாலும் சொல்கிறோம்: அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. அவன் போனைப் பார்க்கவில்லை, எண்ணெயை மிதிக்கவில்லை. பெடல் உதைத்தது என்று முதல் நாளே சரியாகச் சொன்னவன் அவன் ஒருத்தன்தான். லைட்டை நம்பினோம், அவனை நம்பவில்லை. அவன் அம்மா அன்று அன்னதானக் கூடத்தில்தான் இருந்தார்கள். அவர்களிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம். அன்று எங்களோடு சேர்ந்து அவனைப் பேசியவர்கள் சிலர் இதைப் படிப்பீர்கள்.

சாவியைத் திரும்பக் கொடுத்தோம். வாங்கவில்லை. "வேணாம்ணே, நான் மூட்டை தூக்குறேன்" என்றான். வற்புறுத்தவில்லை. ஹப் மாட்டின அன்று மட்டும் அங்கிள் பக்கத்திலேயே உட்கார்ந்து, கழற்றின பேரிங்கைக் கையில் வைத்து ரொம்ப நேரம் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பேரிங் இப்போது ஆபீஸ் மேசையில் மைலோ டின்னுக்குள் இருக்கிறது. சந்தேகம் இருப்பவர்கள் வந்து விரலால் சுற்றிப் பார்க்கலாம்.

வண்டியின் பின் ஆக்ஸிலும் அதே வெள்ளத்தில் இறங்கியதுதான். வருகிற ஞாயிறு காலை 8 மணிக்குப் பின் சக்கரங்களைத் திறக்கிறோம். ஜாக் ஸ்டாண்ட் இரண்டு ஜோடி வேண்டும், எங்களிடம் ஒரு ஜோடிதான் இருக்கிறது. வைத்திருப்பவர்கள் சனி மாலை பூஜைக்கு வரும்போது கொண்டுவந்தால் உதவியாக இருக்கும்.